குவாட்டர்பேக்கைத் தரப்படுத்தப் போன சம்பந்தி

கவிதை எழுதுகிறவன் கையில் கால்குலேட்டரைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கல்யாண வீடு, பிறந்தநாள், வளைகாப்பு என்று ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் அந்த உதாரணத்தை எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். உதாரணமும் அங்கேயே ஒரு மூலையில் கட்லட் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். (கட்லட் நல்லாயிருந்தால் தானும் சேர்ந்து சிரிக்கும்.)

நான் வரிகளை உடைக்காமல் பத்தி பத்தியாகவே கவிதை எழுதுகிறவன். "வரியை உடைச்சாலாவது கவிதையெண்டு தெரியும், இது வீட்டுக்காரன் அனுப்பின நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்பது என் மனைவி வதனியின் ஒரே இலக்கிய விமர்சனம். பகலில், ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கந்தோரில் வேலை. வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடியும் ஒரு பஸ். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காத எனக்கு அது தண்டனையாகத் தெரிந்ததில்லை. யன்னலுக்கு வெளியே நகரம் ஓடும், உள்ளே மனம் ஓடும், இரண்டுக்கும் நடுவில் நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

மகள் அபி ஒருநாள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "அப்பா, ஐ வோண்ட் யூ டு மீட் ஸம்வன்" என்றாள்.

பையன் பெயர் கீர்த்தன். ஒஷாவாவில் பிறந்து வளர்ந்தவன். நல்ல பிள்ளை, எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்து வதனியை வென்றுவிட்டான். சிக்கல் அவனுடைய தகப்பன். குணரத்தினம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயது, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்தக் கல்யாணத்துக்கு அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. மாதக்கணக்காக ஒன்றுமே சொல்லவில்லை. "அப்பா ஓம் எண்டாமல் நான் செய்யமாட்டன்" என்று கீர்த்தன் சொல்லியிருந்தான். அதற்காகவே அபிக்கு அவனை இன்னும் கூடப் பிடித்துப்போயிற்று. ஆக, என் மகளின் வாழ்க்கை முழுவதும் ஒஷாவாவில் ஒரு மனிதரின் வாய்க்குள், 'ஓம்' என்ற ஒரு சொல்லாகப் படுத்துக் கிடந்தது.

நாங்கள் மட்டக்களப்பு. (மட்டக்களப்புக்கு வந்த மாப்பிள்ளையைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், பிறகு தாய் தகப்பனிடம் திரும்பி வரமாட்டான் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழங்கதை உண்டு. என்னையும் வதனியையும் பார்த்தவர்கள் அந்தக் கதையை நம்பமாட்டார்கள். எங்களிடம் இருப்பது பாயும் அல்ல, கட்டில். அதிலும் ஒரு கால் ஆடும்.)

கடைசியில் கீர்த்தனின் அம்மா சரோ அக்கா தொலைபேசி எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாங்கோ. நாலரையில இருந்து ஆறு மட்டும் ராகுகாலம். ஆறு மணிக்கு ஃபைனல் மட்ச் தொடங்குது. மட்ச் எண்டால் இவர் நல்ல மூட்டில இருப்பார். இடைவேளையில கதைப்பம்."

ராகுகாலம் முடிகிற நேரம் பார்த்து இந்த நாட்டில் இறுதி ஆட்டம் வைக்கிறார்கள் என்பது எனக்கு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

"அவரிட்ட என்ன கதைக்கிறது?" என்று அபியிடம் கேட்டேன்.

"ஃபுட்போல் மட்டும்தான் அப்பா. அதுவும் குவாட்டர்பேக் பற்றித்தான். எவ்ரி சண்டே அவரும் கீர்த்தனும் அதுக்குத்தான் சண்டை. பழைய ஆள் பெரிசா, இப்பத்த ஆள் பெரிசா எண்டு. நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். ஜஸ்ட் பீ நோர்மல். ப்ளீஸ்."

நான் படிக்கத் தொடங்கினேன்.

குவாட்டர்பேக் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு: இந்த வட அமெரிக்க ஃபுட்போலில் முட்டை வடிவப் பந்து அவன் கைக்கு வரும். வந்த கணத்திலேயே எதிரணியின் மலைகள் சில அவனை நோக்கி உருண்டு வரும். மற்றவனென்றால் ஓடிவிடுவான். இவன் நிற்க வேண்டும். நின்று, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளை நோக்கி அல்ல, அந்த ஆள் இன்னும் வந்து சேராத ஓரிடத்தை நோக்கிப் பந்தை எறிய வேண்டும். வெறும் புல்லுக்கு எறிகிறான். பந்து போய் இறங்கும்போது அங்கே இரண்டு கை இருக்கிறது. இதைப் பஸ்ஸில் கைபேசியில் முதன்முதலாகப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா எனக்கு ஒரு டிஷ்யூ தந்தார்.

பிறகு எண்கள். யார் எத்தனை யார்ட் தூரம் எறிந்தான், எறிந்ததில் எத்தனை தன் ஆள் கைக்குப் போனது, எத்தனை எதிரி கைக்குப் போனது. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. பழைய காலத்தில் எறிந்ததில் பாதி போய்ச் சேர்ந்தாலே அவன் பெரிய ஆள். இன்றைக்கு மூன்றில் இரண்டு பங்கு சேர்ப்பவன்கூடச் சாதாரணம். அப்படியானால் பழையவர்கள் எல்லாரும் கைவாகு இல்லாதவர்களா? இல்லை. அந்தக் காலத்தில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை வழிநெடுக இடிக்கலாம், தள்ளலாம். எறிகிறவனைப் போட்டு மிதிக்கலாம். பிறகு சட்டங்கள் மாறின. எறிகிறவனையும் பிடிக்கிறவனையும் கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றத் தொடங்கினார்கள். பழையவன் புயலில் எறிந்தான், புதியவன் மண்டபத்துக்குள் எறிகிறான். இரண்டு பேரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம்.

அதற்கு வழி? ஒவ்வொருவனையும் அவனவன் காலத்துச் சராசரியோடு வைத்துப் பார்ப்பது. தன் காலத்து ஆட்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றான் என்று அளந்து, அந்த உயரங்களை ஒப்பிடுவது. ஒரு மாதத்துக்கு மேலாகப் பஸ்ஸிலும் ரயிலிலும் இதையே செய்தேன். எந்த நேரமும் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, யாரோ ஒருத்தி இருக்கிறாளோ என்று வதனி சந்தேகப்பட்டாள். எட்டிப் பார்த்தாள். எண்கள். "இதுக்கு ஒருத்தி இருந்தாலும் பரவாயில்ல" என்று போய்விட்டாள்.

விடை வந்த அன்று ரயிலில் எழும்பி நின்றுவிட்டேன். குணரத்தினம் அண்ணை தலையில் தூக்கி வைத்திருந்த அந்தப் பழைய ரொறன்ரோக் குவாட்டர்பேக்தான் முதலிடம்! எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மகனிடம் தோற்றுக்கொண்டிருந்த மனிதருக்கு நான் வெற்றியைக் கொண்டுபோகிறேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாத ஒரே தகப்பன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். (வதனி கையில் ஒரு கேக் இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது வதனி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "இஞ்ச பாருங்க, அங்க போய் வாயத் திறக்கப்படாது. கேட்டா மட்டும் ஓம், இல்லை. கவிதை, தத்துவம் ஒண்டும் வேணாம். இது நம்மட புள்ளட வாழ்க்கை."

"ஓம்" என்றேன். பயிற்சிக்கு.

ஒஷாவா வீட்டின் பேஸ்மென்டில் சுவரை அடைத்து ஒரு ரீவி. அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய ஜேர்சி. குணரத்தினம் அண்ணை ஒல்லியாக, நெட்டையாக, சட்டைக் கை மடிக்காமல் இருந்தார். "வாங்கோ, இருங்கோ" என்றார். பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் எங்களை மறந்துவிட்டார்.

சரோ அக்கா நல்ல விஷயம் கதைக்கிற நாள் என்று மரக்கறி உள்ளே வைத்துப் பொரித்த ரோல்ஸ் செய்திருந்தார். முதற்பாதி முழுவதும் நான் ரோல்ஸால் வாயை அடைத்துக்கொண்டு இருந்தேன். ஒரே ஒருமுறை மட்டும் தவறான அணிக்குக் கைதட்டினேன்.

இடைவேளை வந்தது. குணரத்தினம் அண்ணை ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். தொண்டையைச் செருமினார். "சரி. விசயத்துக்கு வருவம்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். வதனி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அபி கீர்த்தனைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு மூச்சை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, அதுக்கு முதல் ஒரு சின்ன விசயம்" என்றேன்.

வதனி என் தொடையில் கிள்ளினாள். அது ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்கட ஆளப் பற்றித்தான்." ஜேர்சியைக் காட்டினேன். "நான் ஒரு மாசமாக் கணக்குப் பார்த்தன்."

அவருடைய முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. "மெய்யே?"

"அங்கிள், அப்பாட ஆளுக்கு நம்பர்ஸே இல்லை" என்று கீர்த்தன் சிரித்தான். "இப்பத்தைய ஆளிட யார்ட்ஸைப் பாருங்கோ. நொட் ஈவன் க்ளோஸ்."

"அப்பிடிப் பார்க்கப்படாது தம்பி!" எழும்பிவிட்டேன். புயல், மண்டபம், கண்ணாடிப் பாத்திரம் எல்லாவற்றையும் விளக்கினேன். பழையவர் எப்படி நின்று எறிந்திருப்பார் என்று காட்டக் கையை ஓங்கினேன். கையில் ரோல்ஸ் இருந்தது மறந்துபோயிற்று. அது பறந்து போய் ஜேர்சிச் சட்டத்தின் கண்ணாடியில் மோதி, எண்ணெய்க் கோடு ஒன்று இழுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே வழுகியது.

எல்லோரும் சிரித்தார்கள். குணரத்தினம் அண்ணைகூட. "கம்ப்ளீட் பாஸ்! ஆளிட்டைப் போய்ச் சேர்ந்திட்டுது!" என்றார். அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"அதாவது அண்ணை, தரப்படுத்திப் பார்த்தா உங்கட ஆள்தான் முதலாவது."

சிரிப்பு நின்றது. சரோ அக்காவின் கையில் இருந்த தட்டம் அப்படியே நின்றது.

"என்னத்தைப் பார்த்தா?" என்றார் அவர்.

ரீவிச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். வானொலியில் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி, தெளிவாக, இன்னும் பலமாகச் சொன்னேன். "தரப்படுத்தி. தரப்படுத்தல், அண்ணை."

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எழுபதுகளில் இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்க வந்த முறையின் பெயர் அது. எல்லோருக்கும் அதே சோதனை. ஆனால் முதலில் எழுதிய மொழியைப் பார்த்து, பிறகு பிறந்து வளர்ந்த மாவட்டத்தைப் பார்த்து, ஆளுக்கொரு வெட்டுப்புள்ளி. தமிழ்ப் பிள்ளைகள், அதிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், கூடிய மாக்ஸ் எடுத்துவிட்டு வெளியே நின்றார்கள். அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் அந்த வயது ஆட்களின் முன்னால் யாரும் சும்மா சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு மாதம் எண்களோடு திரிந்ததில் அந்தச் சொல் எனக்குள் வெறும் கணக்காகிப் போயிருந்தது. அதோடு, பின்தங்கிய மாவட்டம் என்று அந்த முறை மட்டக்களப்புக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவை நான் உள்ளே போன பக்கத்திலிருந்துதான் பார்த்திருந்தேன்.

அதையும் சொன்னேன். ஐயோ, அதையும் சொன்னேன். "நானும் கம்பசுக்கு அப்பிடித்தான் போன நான்! மட்டக்களப்பு எண்டதால தப்பினன். இல்லாட்டி எங்க நான், எங்க பேராதனை!" என்று சிரித்தேன். தனியாக.

"நீர் என்ன மாக்ஸ் எடுத்தனீர்?" என்று கேட்டார். நீங்கள், நீர் ஆகியிருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எனக்கும் அவருக்கும் நடுவில் காற்றில் நிற்பது போல. "நான் அதைவிடக் கூட" என்றார். படியேறி மேலே போனார். கராஜ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பேஸ்மென்டில் ரீவிக்குள் யாரோ சத்தமில்லாமல் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மெடிசினுக்குப் போகவேண்டிய மனிசன்" என்றார் சரோ அக்கா. "அந்தச் சொல்லை நாங்கள் வீட்டில எடுக்கிறேல்லை."

கீர்த்தன் தலையில் கை வைத்திருந்தான். "எனக்கு யூனியில ஒருக்கா புரொஃபெசர் வகுப்புச் சராசரியைப் பார்த்து மாக்ஸைக் கூட்டி, கேர்வ் பண்ணினதால ஏ வந்தது. அப்பாக்குச் சொன்னன். கனநாள் என்னோட கதைக்கேல்லை. உனக்குக் கிடைச்ச மாக்ஸ் ஆருடையது எண்டு கேட்டவர்."

"நம்மட புள்ளட வாழ்க்கையில ரோல்ஸ் எறிஞ்சிட்டு நிக்கிறீங்க" என்றாள் வதனி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அபி அழுதுகொண்டே சிரித்தாளா, சிரித்துக்கொண்டே அழுதாளா தெரியாது. "வன் ஜொப், அப்பா. யூ ஹாட் வன் ஜொப்."

படியேறினேன். காலில் சொக்ஸ் மட்டும்தான். சப்பாத்து முன்வாசலில் கிடந்தது. கராஜ் சீமெந்து நவம்பர்க் குளிரில் உள்ளங்காலைக் கடித்தது. குணரத்தினம் அண்ணை காருக்குப் பக்கத்தில், பனி தள்ளும் சவள்களுக்கு நடுவில் நின்றார். என் காலைப் பார்த்தார். மூலையில் கிடந்த ஒரு சோடிப் பழைய குளிர்கால பூட்ஸை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார். போட்டுக்கொண்டேன். எனக்கு இரண்டு அளவு பெரிது.

"அண்ணை, நான் ஒரு விசரன்" என்றேன்.

"அது தெரியுது."

பிறகு அவரே சொன்னார். "இஞ்ச வந்த புதிசில டவுன்டவுனில ஒரு ரெஸ்ரோரன்ரில கோப்பை கழுவினனான். கதவு திறந்து மூடேக்க பாரில இருக்கிற ரீவி கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அதுக்குள்ளதான் இவனைப் பார்த்தனான். ஆள் கட்டை. அவனைக் கட்டை எண்டு அமெரிக்காவில ஒரு ரீமும் எடுக்கேல்லையாம். அவன் எறிஞ்சது எறிஞ்சதுதான். போர்டில போட்டது போட்டதுதான். நீ ஆற்றை பிள்ளை, எந்த ஊர் எண்டு கேட்டு ஒருத்தனும் அதில கூட்டிக் கழிக்கேல்லை. அதுக்காகத்தான் தம்பி நான் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கினனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. உலகத்தில் அந்தக் கணக்கு நுழையாத ஒரே ஒரு மைதானத்தை இந்த மனிதர் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் அதற்குள் ரோல்ஸோடு ஓடிப்போய், முதலாவது வந்துவிட்டீர்கள் என்று கத்தியிருக்கிறேன்.

"அண்ணை, அங்க ஊரில அவங்கள் கேட்டது நீ ஆர் எண்டு" என்றேன். நல்லாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல் தடுமாறியது. "நான் கேட்டது எறியக்குள்ள காத்து எந்தப் பக்கம் அடிச்ச எண்டு மட்டும்தான். சட்டம் இறுக்கமா இருந்த காலத்தில எறிஞ்சவனுக்கு, இறுக்கமா இருந்த எண்டாவது ஒருத்தன் சொல்லத்தானே வேணும்?"

அவர் சவள் ஒன்றை எடுத்து, அது நின்ற இடத்திலேயே திருப்பி வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "உம்மட கணக்கில அவன் மெய்யா முதலாவதோ?"

"மெய்யா, அண்ணை."

"காட்டும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என் கைபேசியைக் கார் பொனட்டில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகப் போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சோதனைத் தாள் திருத்தும் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

"இது எந்த லீக்கின்ர சராசரி?"

"அந்தக் காலத்தின்ர, அண்ணை."

"காலம் சரி. நாடு?"

"...அமெரிக்கா வெப்சைட்டில எடுத்த."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அங்க பத்து யார்ட் போக நாலு தரம் விடுவாங்கள். இஞ்ச மூண்டு தரம்தான். மைதானமும் பெரிசு. எறியாமல் வேற வழியில்லை, எல்லாரும் கூட எறிவாங்கள். இஞ்ச எறிஞ்சவனை அங்கத்தைய சராசரியோட பார்த்தால் அவன் உயரமாத்தானே தெரிவான்?" விரல் திரையில் நின்றது. "நீர் என்ர ஆளை வேற மாவட்டத்தில போட்டிட்டீர்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து, தொடலாமா என்று கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர.

"ஒரு மாசம்! ஒரு மாசமாக் கணக்குப் பார்த்துப்போட்டு! உம்மைக் கம்பசுக்கு எடுத்தவங்களைச் சொல்ல வேணும்!"

"அதைத்தான் நானும் சொன்ன நான், அண்ணை."

"கீர்த்தன்! இஞ்ச வா!"

கீர்த்தன் படியில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும், உடனே வந்தான். கனடா லீக்கின் பழைய சராசரிகளைத் தேடி எடுத்தான். மூன்று பேரும் பொனட்டில் குனிந்து, மூச்சுப் புகைய, முழுக் கணக்கையும் மறுபடி செய்தோம். கீழே இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. அதை இந்த வீட்டில் பெண்கள் மட்டும்தான் பார்த்தார்கள். யார் வென்றது என்று பிறகு சரோ அக்காதான் எங்களுக்குச் சொன்னார்.

விடை வந்தது. கீர்த்தனின் ஆள் மூன்றாவது. பழையவர் இரண்டாவது. முதலாவது, மேற்கிலிருந்து வருகிற, ரொறன்ரோக்காரர் யாருக்கும் கண்ணில் காட்டக்கூடாத ஓர் அணியின் ஆள்.

"அந்தக் கள்ளனோ!" என்றார் தகப்பன்.

"நோ வே!" என்றான் மகன்.

இருவரும் ஒரே பக்கம் நின்று கத்தியதை அந்த வீடு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாம்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "அண்ணை, வேணுமெண்டா அந்தப் பக்கத்தக் கொஞ்சம் வேற மாதிரிப் போட்டுப் பார்ப்பம். சில வேளை..."

"வேண்டாம்." உடனே சொன்னார். "ஒருத்தனைத் தூக்கிறதுக்காகக் கணக்கை மாத்தப்படாது. அதைத்தான் அவங்கள் செய்தவங்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது போதும். எடுபட்டிட்டான்தானே."

எடுபட்டிட்டான். கம்பசுக்குத் தெரிவானவனைச் சொல்கிற அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தை நான் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். வரியை உடைத்தும், உடைக்காமலும். வரவில்லை.

கீழே போனோம். முன்னால் அவர், பின்னால் நான், அவருடைய பூட்ஸ் படியில் டொக் டொக் என்று அடிக்க. வதனியும் அபியும் சோபாவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சரோ அக்கா எழும்பினார்.

குணரத்தினம் அண்ணை அபியின் முன்னால் போய் நின்றார். "பிள்ளை, இந்த விசயத்தில ஒரு கணக்கும் பார்க்கிறதுக்கில்லை. ஓம். நீ மெரிற்றில வாறாய்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொப்பர்தான் கோட்டாவில வாறார்."

கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது. அன்றைக்கு நீர் ஆன நான் இன்றுவரை நீர்தான். நீங்கள் என்று கூப்பிட்டால் எனக்கே பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஷாவாவுக்குப் போனால், என் கோப்பையைப் பார்த்து, "பின்தங்கிய மாவட்டம், சரோ, ஒரு கரண்டி கூடப் போடு" என்பார். அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் கோட்டா மாமா. என் உண்மையான பெயர் அழைப்பிதழில் மட்டும்தான் இருந்தது. ஜேர்சிக் கண்ணாடியில் ரோல்ஸ் இழுத்த எண்ணெய்க் கோட்டை அவர் துடைக்க விடவில்லை. அது என் வாழ்நாளின் ஒரே 'கம்ப்ளீட் பாஸ்' என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்.

போன மாதம், அபிக்குப் பிறந்த எங்கள் பேத்தியைக் குடும்ப வைத்தியரிடம் காட்டும் நாள். கீர்த்தனுக்கு வேலை என்பதால், கிழவர்கள் இருவரும் வருகிறோம் என்று கிளம்பிவிட்டோம். காவலுக்கு அபியும் வதனியும். வைத்தியர் இளம் பெண், தமிழ்ப் பிள்ளைதான். பேத்தியைத் தராசில் வைத்தார். திரையில் வளைகோடுகள் உள்ள ஓர் அட்டவணையைக் காட்டினார். நூறு பிள்ளைகளை வரிசையில் விட்டால் இவள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்பாள், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, நன்றாக வளர்கிறாள் என்றார்.

குணரத்தினம் அண்ணை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொண்டார். திரைக்குக் கிட்டப் போனார்.

"பிள்ளை," என்றார், மிகவும் மரியாதையாக. "இது எந்த நாட்டின்ர சராசரி?"

அபி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வைத்தியர் என்னைப் பார்த்தார். வதனி என் தொடையில் கிள்ளினாள். இந்தமுறை நான் வாயே திறக்கவில்லை. பேத்திதான் தராசில் கிடந்தபடி எங்கள் எல்லோரையும் பார்த்து, ஆள் நிற்காத ஒரு பக்கத்தை நோக்கி, கையில் இருந்த கிலுகிலுப்பையை எறிந்தாள்.